251-ஆ, 112-ஆ? செடிகளின் மாறுபாடு குறித்து டார்வின் நடத்திய கடித ஆய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனின் செடிகொடிகளைப் பட்டியலிட்ட இரண்டு தாவரவியலாளர்கள் ஒரே நிலத்தைப் பார்த்து இரு வேறு கணக்குகளைச் சொன்னார்கள். மிக அதிகமாக மாறுபடும் பேரினங்களை, அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுப்புகளை, மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றில் 251 சிற்றினங்கள் இருப்பதாக பாபிங்டன் எழுதினார். அதே பேரினங்களில் ஜார்ஜ் பெந்தம் கண்டது 112 மட்டுமே. இடைப்பட்ட 139 செடிகளும் இருவர் கண்ணிலும் பட்டவைதான். பாபிங்டன் தனிச் சிற்றினம் என்று பிரித்ததை, பெந்தம் இன்னொரு சிற்றினத்தின் சாதாரண வகை, அதாவது அதற்குள்ளேயே சற்று மாறுபட்ட வடிவம், என்று சேர்த்துவிட்டார். இருவரும் அரைகுறைகள் அல்லர். தலைமுறை தலைமுறையாக மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்திய நூல்களை எழுதியவர்கள்.

தாவரவியல் உலகுக்கு இது ஒரு சங்கடம். இன்னும் கவனமாகப் பார்த்தால், இன்னும் நல்ல மாதிரிகள் கிடைத்தால், என்றாவது ஒருநாள் தீர்ந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். சார்லஸ் டார்வின் இந்தக் குழப்பத்தையே சான்றாக எடுத்துக்கொண்டார். தேர்ந்த அறிஞர்களே ஒரு செடியைச் சிற்றினமா வகையா என்று சொல்ல முடியாமல் திணறுகிறார்கள் என்றால், அந்த இரண்டுக்கும் நடுவே இயற்கை கோடு எதையும் போடவில்லை என்பதல்லவா பொருள்? 1859-ல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் இரண்டாம் அத்தியாயம் இந்தக் கேள்வியின் மீதுதான் நிற்கிறது. 251, 112 என்ற எண்களும் அங்கேதான் வருகின்றன.

அந்த அத்தியாயம் உருவானது பெரும்பாலும் தபாலில். டார்வின் 1842 முதல் லண்டனுக்குத் தெற்கே கென்ட் பகுதியில் டவுன் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். உடல்நலம் அடிக்கடி கெடும், பயணம் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அவர் அங்கே குடியேறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1840-ல், பிரிட்டன் முழுவதும் எங்கு அனுப்பினாலும் கடிதத்துக்கு ஒரு பென்னி என்ற தபால் முறை வந்திருந்தது. அந்த வசதியை அவரைப் போலப் பயன்படுத்திய விஞ்ஞானி வேறு யாரும் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். அவர் எழுதியவையும் பெற்றவையுமாக 15,000-க்கும் அதிகமான கடிதங்கள் இன்று தெரியவந்துள்ளன. எதிர்முனையில் இருந்தவர்கள் சுமார் 2,000 பேர்: பேராசிரியர்கள், தோட்டக்காரர்கள், பாதிரியார்கள், புறா வளர்ப்பவர்கள், காலனி அதிகாரிகள். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த த்வைட்ஸும் அவர்களில் ஒருவர்.

செடிகள் விஷயத்தில் முதன்மையானவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். அண்டார்க்டிக் கடற்பயணம் முடித்துத் திரும்பிய இளம் தாவரவியலாளர். பின்னாளில் லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநரானார். 1844 ஜனவரி 11 அன்று டார்வின் அவருக்கு எழுதிய கடிதம் அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்றது. சிற்றினங்கள் மாறாதவை அல்ல என்று தாம் ஏறக்குறைய நம்பத் தொடங்கிவிட்டதாகவும், இதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போலிருக்கிறது என்றும் அதில் எழுதினார். ஹூக்கர் அதிர்ந்துபோகவில்லை, உடனே ஏற்கவும் இல்லை. சிற்றினங்கள் படிப்படியாக மாறியிருக்கக்கூடும் என்றும், அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்று டார்வின் கருதுகிறார் என அறிய ஆவலாக இருப்பதாகவும் பதில் எழுதினார். சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்த நட்பு அது. அவர்களுக்கிடையே ஓடிய கடிதங்களில் ஏறத்தாழ 1,400 நம்மிடம் உள்ளன.

இந்த நட்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஹூக்கரின் கண்டிப்பு. 1845-ல் வேறொரு நூலாசிரியரைப் பற்றி எழுதும்போது, பல சிற்றினங்களை நுணுகி விவரித்த அனுபவம் இல்லாதவர்களுக்குச் சிற்றினம் பற்றிப் பேச உரிமையே இல்லை என்ற கருத்தை அவர் போகிறபோக்கில் சொன்னார். அது தமக்கும் வேதனையோடு பொருந்துகிறது என்று டார்வின் பதிலில் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு தொடங்கி 1854 வரை எட்டு ஆண்டுகள், பாறைகளிலும் கப்பல்களின் அடிப்பகுதியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள்களை ஒவ்வொன்றாக அறுத்து, ஒப்பிட்டு, வகைப்படுத்துவதில் கழித்தார். ஹூக்கரின் ஒரு வரியே அதற்கு முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எட்டு ஆண்டுகளை முடித்துவிட்டு வந்தவருக்கு, மாறுபாடு என்பது அரிதான விதிவிலக்கு அன்று, எங்கு பார்த்தாலும் இருப்பது என்ற உறுதி பிறந்திருந்தது. அதன் பிறகுதான் அவர் செடிகளின் பக்கம் முழு வேகத்தில் திரும்பினார்.

1855 ஏப்ரல் 25 அன்று, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் ஏசா கிரேக்கு முதல் கடிதம் போனது. தாம் தாவரவியலாளர் அல்லர், ஆகவே இந்தக் கேள்விகள் அபத்தமாகத் தோன்றலாம் என்ற தயக்கத்தோடுதான் அது தொடங்குகிறது. மாறுபாடு பற்றிப் பல ஆண்டுகளாகத் தகவல் திரட்டி வருவதாகவும், விலங்குகளிடம் பொருந்துகிற ஒரு பொது விதியைக் கண்டால் அது செடிகளுக்கும் பொருந்துகிறதா என்று சோதிப்பது தமது வழக்கம் என்றும் சொல்கிறார். அதே ஆண்டு ஜூனில் ஒரு விசித்திரமான வேண்டுகோள். கிரே எழுதிய வட அமெரிக்கத் தாவர நூலில், ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகத் தோன்றும் சிற்றினங்களை மட்டும் குறித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

கிரே குறித்து அனுப்பினார். கூடவே ஓர் ஒப்புதலும் வந்தது: குறித்தவற்றில் சிலவற்றை நூலைத் திருத்தும்போது தாமே ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடும், இன்னும் பலவற்றை ஹூக்கர் சேர்த்துவிடுவார், மீதமுள்ளவற்றிலும் இடைப்பட்ட வடிவங்கள் கிடைத்தால் சேர்க்க வேண்டி வந்தாலும் வியப்பதற்கில்லை. ஓர் ஆசிரியர் தமது நூலின் உறுதியற்ற இடங்களைத் தாமே அடிக்கோடிட்டுத் தருகிறார். அச்சிட்ட பக்கத்தில் எல்லாச் சிற்றினங்களும் ஒரே அளவு எழுத்தில், ஒரே தன்னம்பிக்கையோடு வரிசையாக நிற்கும். எது உறுதி, எது ஊசல் என்பது எழுதியவர் மனத்தில் மட்டுமே இருக்கும். டார்வின் தேடியது அந்த மனத்தில் இருந்ததை. அதை வெளியே கொண்டுவரக் கடிதத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இதே வேண்டுகோள் தேம்ஸ் டிட்டனில் வாழ்ந்த ஹெவெட் காட்ரெல் வாட்சனுக்கும் போனது. பிரிட்டனை 18 மாகாணங்களாகப் பிரித்து, எந்தச் செடி எத்தனை மாகாணங்களில் வளர்கிறது என்று வாழ்நாள் முழுவதும் கணக்கெடுத்த மனிதர் அவர். 'லண்டன் பட்டியல்' என்ற பிரிட்டிஷ் தாவரப் பட்டியலில் சிற்றினம் என்று இடம்பெற்றவற்றில் 63 செடிகள் சந்தேகத்துக்குரியவை என்று அவர் குறித்துக் கொடுத்தார். இந்த 63-ம் சராசரியாக 6.9 மாகாணங்களில் பரவியிருந்தன. அதே பட்டியலில் வகை என்று எல்லோரும் ஏற்ற 53 செடிகள் சராசரியாக 7.7 மாகாணங்களில் இருந்தன. அந்த வகைகளுக்குத் தாயான சிற்றினங்களோ 14.3 மாகாணங்களில் பரவியிருந்தன.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய சிற்றினங்களின் பரவல், முழுச் சிற்றினங்களின் பரவலை நெருங்கவே இல்லை. வகைகளின் பரவலோடு அவை ஏறத்தாழ ஒட்டிப்போகின்றன. பெயரளவில் சிற்றினமாக இருந்தாலும் வாழும் முறையில் அவை வகைகள்தான். உருவத்தைப் பார்த்து எழுந்த சந்தேகம், உருவத்தோடு சம்பந்தமே இல்லாத பரவல் கணக்கிலும் அப்படியே தெரிகிறது. டார்வினின் வாதங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று இது. ஆனால் இதைவிட எளிமையாகவும் அழகாகவும் அமைந்த வாதம் அந்த அத்தியாயத்தில் வேறில்லை என்று நினைக்கிறேன்.

அவர் இன்னும் பெரிதாக நம்பியிருந்தது வேறொரு கணக்கை. வகைகள் என்பவை உருவாகிக்கொண்டிருக்கும் சிற்றினங்கள் என்றால், ஏற்கெனவே நிறையச் சிற்றினங்களைப் பெற்ற பெரிய பேரினங்களில் இன்றும் நிறைய வகைகள் தோன்றிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய மரங்கள் அடர்ந்த இடத்தில்தான் இளங்கன்றுகளையும் எதிர்பார்ப்போம் என்பது அவர் சொன்ன உவமை. மாறாக, ஒவ்வொரு சிற்றினமும் தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்றால், பெரிய பேரினத்தில் வகைகள் கூடுதலாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. ஆக, இரண்டு கொள்கைகளையும் எண்ணிப் பார்த்தே சோதித்துவிடலாம். பிரான்ஸ், ரஷ்யா, நியூசிலாந்து, அமெரிக்கா எனப் பல நாடுகளின் தாவர நூல்களைக் கடன் வாங்கி, பேரினம் பேரினமாக எண்ணத் தொடங்கினார்.

1857 ஜூலையில் இந்தக் கணக்கு இடிந்து விழுந்தது. இடித்தவர் பக்கத்து வீட்டு இளைஞர் ஜான் லபக், வயது 23. பெரிய பேரினத்தில் உறுப்பினர்கள் அதிகம் என்பதால், அதில் ஒரு வகையாவது தென்படும் வாய்ப்பும் தானாகவே அதிகம். இந்தத் தற்செயலைக் கழிக்காமல் பார்த்தால் எந்தப் பட்டியலும் டார்வினுக்குச் சாதகமாகத்தான் தெரியும். லபக் சொன்ன வழி நேரானது. ஒரு நாட்டின் எல்லாச் சிற்றினங்களையும், பெரிய பேரினங்களைச் சேர்ந்தவை, சிறிய பேரினங்களைச் சேர்ந்தவை என்று ஏறத்தாழச் சம அளவில் இரண்டாகப் பிரி. ஒவ்வொரு பாதியிலும் எத்தனை சிற்றினங்களுக்கு வகைகள் உள்ளன என்று விகிதம் பார்.

ஜூலை 14 அன்று டார்வின் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒளிவுமறைவே இல்லை. இங்கிலாந்திலேயே தம்மைப் போல மூளை குழம்பிய முட்டாள் கிடையாது என்றும், தமது குருட்டுத்தனத்தை எண்ணி அழுதுவிடலாம் போலிருக்கிறது என்றும் புலம்புகிறார். அப்போது அவருக்கு வயது 48. உலகம் அறிந்த இயற்கையியலாளர். ஆனால் புலம்பிய கையோடு, அதே கடிதத்தில் புதிய முறையை ஹூக்கரின் நியூசிலாந்துத் தாவர நூலில் சோதித்தும் பார்த்துவிட்டார். நான்கோ அதற்கு மேலோ சிற்றினங்கள் கொண்ட பேரினங்களில் மொத்தம் 339 சிற்றினங்கள். அவற்றில் 51-க்கு வகைகள் உண்டு. மூன்றோ அதற்குக் குறைவோ உள்ள பேரினங்களில் 323 சிற்றினங்கள். அவற்றில் 37-க்கு மட்டுமே வகைகள். இரண்டு பாதியும் ஒரே மாதிரி என்றால் இந்த 37 என்பது 48.5-ஆக இருந்திருக்க வேண்டும். விகிதமாகச் சொன்னால் முதல் பாதியில் சுமார் 15 சதவீதம், இரண்டாம் பாதியில் சுமார் 11.5 சதவீதம்.

முடிவு தாம் விரும்பிய திசையில்தான் போகிறது, ஆனால் இது பொதுவாக எல்லா நாடுகளிலும் பொருந்தாவிட்டால் நம்பிவிடும் அளவுக்கு வலுவானதன்று என்று டார்வினே எழுதுகிறார். புள்ளியியல் சோதனை என்று இன்று நாம் அழைக்கும் எதுவும் அப்போது உயிரியலில் இருக்கவில்லை. இருந்தும், ஒரு நாட்டின் சிறிய வேறுபாட்டை நம்பிவிடக் கூடாது, பல நாடுகளில் ஒரே திசையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை அவரிடம் இருந்தது. செய்த கணக்குகளையெல்லாம் மறுபடியும் செய்தார். டவுன் ஊர்ப் பள்ளி ஆசிரியர் எபனேசர் நார்மன் படியெடுத்தும் பட்டியலிட்டும் உதவினார். கடைசியில் பன்னிரண்டு நாடுகளின் செடிகளும், இரண்டு பகுதிகளின் வண்டினங்களும் இந்த முறையில் பிரித்து எண்ணப்பட்டன. பெரிய பேரினங்களின் பக்கமே வகைகள் கூடுதலாக இருந்தன.

அதோடு முடிந்துவிடவில்லை. வாட்சனும் ஹூக்கரும் இந்த அட்டவணைகளில் உள்ள சிக்கல்களை அவருக்கு எடுத்துக்காட்டினார்கள். நூலில் எழுதியிருப்பது செடியின் மாறுபாட்டையா, எழுதியவரின் பழக்கத்தையா? இந்தக் கேள்விக்கு எளிதில் விடை இல்லை. ஒரு தாவரவியலாளர் பெரிய பேரினங்களில் அதிகக் கவனம் செலுத்தி வகைகளைக் குறித்திருக்கலாம், சிறியவற்றை அப்படியே விட்டிருக்கலாம். மாறாகவும் நடந்திருக்கலாம். டார்வின் இந்தக் கேள்வியையே மறுபடி கடிதமாக்கி நண்பர்களுக்கு அனுப்பினார். 1857 ஆகஸ்டில் ஹூக்கருக்கு எழுதும்போது, சிற்றினங்களை நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டே போகிறவர்களும் வேண்டும், ஒன்றாகச் சேர்த்துவிடுகிறவர்களும் வேண்டும் என்கிறார்.

ஹூக்கர் சேர்க்கிறவர்களின் பக்கம். 1848 முதல் 1851 வரை இந்தியாவிலும் இமயமலையிலும் செடிகள் சேகரித்தவர். ஒரே செடி உயரத்துக்கும் மழைக்கும் ஏற்ப எத்தனை உருவம் எடுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். தாவரவியலாளர் தாமஸ் தாம்சனோடு சேர்ந்து 1855-ல் வெளியிட்ட இந்தியத் தாவர நூலின் முன்னுரையில், சிற்றினத்தின் எல்லையை அகலமாக வைக்க வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வந்த அவரது பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல், தென்னிந்தியச் செடிகளைப் படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிற நூல். டார்வினோடு கடிதங்களில் பல ஆண்டுகள் வாதிட்டுக் கூர்மையான கண்தான் நம் ஊர்ச் செடிகளையும் பார்த்திருக்கிறது.

இத்தனை கடிதங்களுக்கும் நடுவே, சிற்றினம் என்றால் என்ன என்ற கேள்விக்கு டார்வின் என்ன விடை வைத்திருந்தார்? 1856 டிசம்பர் 24 அன்று ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. ஒருவருக்கு உருவ ஒற்றுமைதான் எல்லாம், மற்றொருவருக்கு அது ஒன்றுமே இல்லை. ஒருவருக்கு வம்சவழி முக்கியம், இன்னொருவருக்குக் கலப்பில் மலட்டுத்தன்மை வருகிறதா என்பதுதான் தவறாத உரைகல், வேறொருவர் அதைக் கால் காசுக்கும் மதிப்பதில்லை. வரையறுக்க முடியாததை வரையறுக்கப் பார்ப்பதால் வரும் வினை இது என்று முடிக்கிறார்.

இதன் முழு விளைவை அவர் கிரேயிடம் சொல்ல இன்னும் ஏழு மாதங்கள் ஆயின. 1857 ஜூலை 20 கடிதத்தில், தனித்தனியாகப் படைக்கப்பட்ட சிற்றினம் என்று எதுவும் இல்லை, சிற்றினங்கள் தெளிவாகத் தனித்துவிட்ட வகைகளே என்ற முடிவுக்குத் தாம் வந்துவிட்டதை எழுதி, இதற்காக கிரே தம்மை வெறுக்கக்கூடும் என்றும் சேர்த்துக்கொண்டார். லபக்கிடம் புலம்பி ஆறே நாட்கள்தான் ஆகியிருந்தன என்பதைக் கவனியுங்கள். கணக்கு ஆட்டம் கண்டிருந்த வாரத்திலும் அடிப்படைக் கருத்தில் அவர் உறுதியாகவே இருந்தார். கிரே வெறுக்கவில்லை. ஆகவே செப்டம்பர் 5 அன்று இயற்கைத் தேர்வுக் கொள்கையின் சுருக்கத்தையே அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளரின் கட்டுரை வந்து சேர்ந்து, இருவரும் ஒரே கருத்தை அடைந்திருப்பது தெரிந்தபோது, டார்வினின் கருத்து எவ்வளவு பழையது என்பதற்குத் தேதியிட்ட சாட்சியாக நின்றது கிரேக்கு எழுதிய அந்தக் கடிதம்தான். 1858 ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் அறிஞர்களின் அமைப்பில் வாலஸின் கட்டுரையோடு சேர்த்து அதன் பகுதியும் வாசிக்கப்பட்டது.

வாலஸின் கட்டுரைக்குப் பிறகு எல்லாம் அவசரம். டார்வின் எழுதிக்கொண்டிருந்த பெரிய நூலை நிறுத்திவிட்டு, 1859-ல் சுருக்கமான நூலை வெளியிட்டார். தாவர அட்டவணைகளுக்கு அதில் இடமில்லை, முடிவுகள் மட்டும் சில பத்திகளில் வந்தன. மாதக்கணக்கில் எண்ணிய எண்கள் கையெழுத்துப் பிரதியிலேயே தங்கி, 1975-ல்தான் அச்சேறின. அந்தச் சுருக்க நூலின் கையெழுத்துப் பிரதிக்கும் ஒரு கண்டம் வந்தது. புவியியல் பரவல் பற்றிய அத்தியாயத்தை ஹூக்கரின் பார்வைக்கு அனுப்பியிருந்தார். அது ஹூக்கர் வீட்டில் குழந்தைகள் படம் வரையும் தாள்கள் வைக்கும் இழுப்பறைக்குள் போய், கால்பங்கு வரை தொலைந்துபோனது.

நூல் வந்தபின் செடிகளைப் பற்றிய கடிதங்கள் குறையவில்லை, அவற்றின் தன்மைதான் மாறியது. அடுத்தவர் நூல்களில் எண்ணுவதை விட்டு, தம் தோட்டத்தில் விதைத்துப் பார்க்கத் தொடங்கினார். 1860 மே மாதம் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் கவ்ஸ்லிப் என்ற மஞ்சள் நிற வயல் பூவைப் பற்றிச் சொல்கிறார். சில செடிகளில் எல்லாப் பூக்களிலும் பெண் உறுப்பின் பகுதியான சூல்தண்டு நீளம், ஆண் உறுப்புகளான மகரந்தத்தாள்கள் தாழ்வு. மற்றச் செடிகளில் இது தலைகீழ். முதல் பார்வையில், குட்டைச் சூல்தண்டு உள்ளவை ஆண் தன்மையை நோக்கியும் மற்றவை பெண் தன்மையை நோக்கியும் மாறிவருகின்றன என்று ஊகித்தார். விதைகளை எண்ணியபோது ஊகம் பொய்த்தது. 'ஆண்' என்று நினைத்தவையே கூடுதல் விதை கொடுத்தன. பிறகு கையால் மகரந்தம் சேர்த்துப் பார்த்தார். ஒரு வடிவத்தின் மகரந்தம் மற்ற வடிவத்தில் சேரும்போதுதான் விளைச்சல் சிறப்பாக இருந்தது. அயல் மகரந்தச் சேர்க்கையை உறுதிசெய்யும் ஏற்பாடு அது. தம் சிறு கண்டுபிடிப்புகளில் இதைப் போல மகிழ்ச்சி தந்தது வேறொன்றில்லை என்று தன்வரலாற்றில் எழுதினார். 1862-ல் லித்ரம் என்ற செடியில் இரண்டல்ல, மூன்று வடிவங்கள் இருப்பதைக் கண்டபோது, தமக்குக் கிட்டத்தட்டப் பைத்தியமே பிடித்துவிட்டது என்று கிரேக்கு எழுதி, அமெரிக்க விதை இருந்தால் அனுப்பும்படி கெஞ்சினார்.

கவ்ஸ்லிப் விஷயத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. கவ்ஸ்லிப்பும், வெளிர் மஞ்சள் பூப் பூக்கும் பிரிம்ரோஸும் ஒரே சிற்றினமா, இரண்டா என்பது அக்காலத் தாவரவியலாளர்களின் தீராத சண்டை. இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் வயல்வெளிகளில் தென்பட்டன. 1859-ல் டார்வின் ஒரு பக்கம் சேர்ந்தார். இவை பொதுவான மூதாதையிலிருந்து வந்தவை என்பதற்கு மறுக்க முடியாத அளவு சோதனைச் சான்று இருக்கிறது, ஆகவே இவற்றை வகைகளாகவே கொள்ள வேண்டும் என்று நூலில் எழுதினார். சிற்றினத்துக்கும் வகைக்கும் கோடு இல்லை என்ற தமது வாதத்துக்கு மிக வசதியான எடுத்துக்காட்டு. பிறகு தாமே கலப்புச் சோதனைகள் செய்தார். 1868-ல் லின்னேயன் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில், இரண்டும் தனித்தனிச் சிற்றினங்களே, நடுவில் தென்படும் சாதாரண ஆக்ஸ்லிப் அவற்றின் கலப்பினம் என்று அறிவித்தார். வசதியான எடுத்துக்காட்டைத் தமது கையாலேயே உடைத்தார்.

இதனால் அவரது அடிப்படை வாதம் சரியவில்லை. சில சிற்றினங்கள் தெளிவாகப் பிரிந்திருப்பதும், சில இன்னும் பிரியாமல் இருப்பதும் அந்த வாதம் எதிர்பார்ப்பதுதான். பிரியாதவற்றுக்கு எடுத்துக்காட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஜெனீவாவின் ஆல்ஃபோன்ஸ் தெ கந்தோல் ஓக் மர இனங்களை ஆராய்ந்து, சுமார் 300 சிற்றினங்களில் மூன்றில் இரண்டு பங்காவது தற்காலிகமானவை என்றார். மாதிரிகள் குறைவாக இருக்கும்வரை எல்லைகள் தெளிவாகத் தெரிகின்றன, மாதிரிகள் குவியக் குவிய எல்லைகள் கரைகின்றன என்பது அவர் கண்டது. நூலின் பிந்தைய பதிப்புகளில் டார்வின் இதை விரிவாகச் சேர்த்துக்கொண்டார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தை மையமாகக் கொண்டு 1974-ல் தொடங்கிய பணியின் பயனாக இந்தக் கடிதங்கள் அனைத்தும் தேதிவாரியாக 30 தொகுதிகளில் வந்துவிட்டன. பெரும்பகுதியை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். கிரேக்கு எழுதிய 1855 ஏப்ரல் கடிதத்தில் தொடங்கி, 1858 ஜூன் வரை ஹூக்கர், வாட்சன், கிரே, லபக் ஆகிய நால்வரோடும் பரிமாறியவற்றை மட்டும் வரிசையாகப் படித்தால் போதும். டார்வினின் கேள்விகளோடு நிறுத்திவிடாமல் மற்றவர்களின் பதில்களையும் சேர்த்தே படியுங்கள். பாதிச் சிந்தனை அவற்றில்தான் நடக்கிறது.